சங்கரேஸ்வரிக்கு எழுதின செம்பு

பம்பாய் சுனாபட்டி ஸ்டேஷன் வாசலில் இட்லி நிறைந்த தேக்சாப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை உதறும்போதுதான் சங்கரேஸ்வரி கவனித்தாள். இடது காலில் செருப்பு இல்லை.

எங்கே கழன்றதென்று தெரியவில்லை. தாராவியிலிருந்து சயான் வழியாக நடந்து வந்திருக்கிறாள். வழியெல்லாம் தோண்டிப் போட்ட பள்ளம், குவித்து வைத்த ஜல்லி, முழங்கால் வரை மழைத் தண்ணீர். செருப்பு போனது போகட்டும், அது காலுக்குத் தெரிய வேண்டாமா? சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஒன்று செருகி நின்றது. பிடுங்கினாள். ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

"மௌசி, சார் இட்லி. சட்னி ஜாஸ்தி."

வாட்ச்மேன் எப்போதும்போல் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றான். ஈரத்துணியை விலக்கி, அவன் கேட்ட நான்கு இட்லியை ஆவி பறக்க எடுத்து வைத்தாள். கை செய்வதைச் செய்தது. மனசு மட்டும் கீழே, அந்தக் காலிடமே நின்றது. உன் பாட்டுக்கு நீ போகிறாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா?

சில மாதமாகவே இப்படித்தான். முதலில் விரல்களில் பஞ்சைச் சுற்றிவிட்டதுபோல் இருந்தது. பிறகு பஞ்சு கணுக்கால்வரை ஏறியது. மாடி ஏறினால் மூச்சு நெஞ்சுக்குழியில் முட்டியது. கண்ணின் உட்சிவப்பு வெளுத்துப்போனது. சந்துமுனை டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார், ஊசி போட்டார், பேரீச்சம்பழம் தின்னச் சொன்னார். ரத்தம் ஏறவில்லை. மூச்சு வாங்குவதை மட்டும் அவரிடம் சொன்னாள். காலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இந்த மூலைதான். இட்லிக்காரிகள் நிற்கும் இடத்துக்குப் பட்டா கிடையாது. பாத்திரம் இறங்குகிறவரை அது உன் இடம். கொஞ்ச நாள் இறங்காமல் போனால் வாடிக்கைக்காரனின் நாக்கு வேறு சாம்பாருக்குப் பழகிவிடும். அப்புறம் வந்து இது என் மூலை என்றால் சிரிப்பார்கள். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த அடுத்த வருஷம் இங்கே வந்து நின்றாள். ஊரில் அவள் இன்னாரின் மகள். தாராவியில் காளிராஜின் பெண்டாட்டி. இந்த மூலையில் மட்டும்தான் அவள் அவளாக இருந்தாள். நூறு பேர் நடக்கிற பாதையில், எந்த ஆம்பிளையின் பெயரும் முன்னால் ஒட்டாத ஒரு மௌசி, எல்லோருக்கும் சித்தி.

அன்று சாயங்காலம் ஊறவைத்த அரிசியைச் சுமந்துகொண்டு ஹபீபாவின் கிரைண்டர் அறைக்குப் போனாள். ஹபீபா கடையநல்லூர்க்காரி. சந்தில் பாதிப் பேருக்கு மாவு அரைத்துக் கொடுப்பவள். அவள் கண்ணுக்குத் தப்பி அந்தச் சந்தில் ஒரு பூனைகூட குட்டி போட முடியாது.

"காலுல என்னளா கட்டு?"

"சில்லு கிழிச்சிட்டு."

"சில்லு கிழிச்சா நொண்டுவாவ. நீ என்னன்னா பொம்ம மாதிரி தொம்மு தொம்முனு வச்சு நடக்க. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தரையப் பாத்துப் பாத்து நடக்க. எதையாச்சும் தொலச்சிட்டியா?"

"ஒன் வாயத்தான் தொலைக்கணும்" என்றாள் சங்கரேஸ்வரி. இருவரும் சிரித்தார்கள். ஹபீபா சிரித்து முடித்த பிறகும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மழை அடித்துப் பெய்த ஒரு காலையில், சயான் சர்க்கிள் பக்கம், எடுத்து வைத்த கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று தெரியாமல் சங்கரேஸ்வரி விழுந்தாள். தேக்சா உருண்டது. பெஸ்ட் பஸ் ஒன்று பிரேக் போட்டு நின்றது. பழுப்புத் தண்ணீரில் இட்லிகள் மிதந்து போவதை உட்கார்ந்தபடி பார்த்தாள். யாரோ தூக்கிவிட வந்தார்கள். "ச்சோட், ச்சோட்" என்று கையை உதறினாள். தானாக எழ முயன்றாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். அப்போதும் முடியவில்லை. அழுகை வந்தது. விழுந்ததற்காக இல்லை. இன்றைக்குப் பாத்திரம் இறங்காது என்பதற்காக.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹபீபாதான் கூட வந்தாள். காளிராஜ் ரிப்போர்ட் காகிதத்தைப் பார்த்தாலே வேர்த்துப்போகிற ஆள்.

டாக்டர் பானுமதி சின்னப் பெண். செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசிய தமிழ் இந்தி நடையில் வந்தது.

"கண்ணை மூடிட்டு நில்லுங்கம்மா. காலைச் சேத்து வெச்சு."

கண்ணை மூடியதும் சங்கரேஸ்வரிக்கு உலகம் வழுக்கியது. டாக்டர் தயாராக நின்று பிடித்துக்கொண்டாள்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"அயன் மாத்திரதான்."

"அது தெரியும். வேற? ஆயுர்வேதிக், ஹோமியோபதி, சக்திக்குன்னு டிவில பாத்து வாங்கினது, குச் பீ?"

"ஒண்ணும் கெடையாது."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"அதான் கெடையாதுங்கேன்லா."

ஹபீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தாள். "அந்த வெள்ள மாத்திரயச் சொல்லு."

"எந்த வெள்ள மாத்திர?"

"சாமி வெளக்குப் பக்கத்துல மஞ்ச டப்பால போட்டு வச்சிருக்கியே, அது. காலையில அடுப்புப் பத்த வைக்கதுக்கு முன்ன ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, வெளக்கு வச்சதும் ஒண்ணு."

"ஏ, அது மருந்தா? அது வந்து..." என்று ஆரம்பித்தாள் சங்கரேஸ்வரி. மருந்தில்லை என்றால் அது என்ன? இத்தனை வருஷம் அவள் அதற்குப் பெயர் வைத்ததில்லை.

கொரோனா நோய்க்காலத்தில் சந்தின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்தார்கள். வெளியே வியாபாரம் கிடையாது. ஆனால் மாவு இருந்தது. அடைபட்ட கோலிகளில், அந்த ஒற்றை அறை வீடுகளில், வாய்கள் இருந்தன. சங்கரேஸ்வரி இட்லி அவித்து ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு வந்தாள். அந்த நாட்களில் மருத்துவ முகாமில் வீட்டுக்கு வீடு துத்தநாக மாத்திரை அட்டை கொடுத்தார்கள். ஜிங்க். சந்து அதைத் தின்னப் பயந்தது. தின்றால் காய்ச்சல் வெளியே தெரியும், வண்டி வந்து தூக்கிப் போகும் என்றார்கள். ஆம்பிளைகளுக்கு ஆகாது என்றார்கள். குப்பையில் போடவும் மனசில்லை, சும்மா வந்த பொருளாயிற்றே. அந்தச் சந்தில் கறிவேப்பிலையும் காப்பித்தூளும் கைமாறுவதுபோல் மாத்திரையும் கைமாறும். ஒருத்திக்குத் தலைவலிக்கு எழுதியதை அடுத்தவள் தின்பாள். பிரஷர் மாத்திரையை இரவல் கேட்பாள். ஆகவே இட்லி வாங்கிக்கொண்ட கதவுகள் எல்லாம், "நீதான் நாலு எடம் போற, நீ தின்னு தாயி" என்று அட்டையை அவள் கூடையில் போட்டன.

எதிர்க் கோலி ஜெபஸ்டினும் போட்டார். இட்லிக்குப் பொடி கேட்டுவிட்டுப் போட்டார். அடுத்த வாரம் அவர் இல்லை.

அவள் தின்றாள். தும்மல்கூட வரவில்லை. அட்டைகள் தீர்ந்ததும் மெடிக்கலில் வாங்கித் தின்றாள். கொடுத்தவர்களில் சிலர் போய்விட்டார்கள், தின்றவள் நிற்கிறாள். ஜெபஸ்டினின் உயிர் தன் வயிற்றுக்குள் வந்து சேர்ந்துவிட்டதாக அவளுக்குச் சில நேரம் தோன்றும். விட்டுவிட்டால் அவருக்குத் துரோகம் என்றும், விட்டால் தானும் போய்விடுவோம் என்றும். இதையெல்லாம் டாக்டரிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். டாக்டர் பானுமதி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை வருஷமா?" என்று கேட்டாள். பதில் வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். ரத்தம் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது.

"உங்க உடம்புல தாமிரம் இல்லம்மா. காப்பர். ரொம்ப ரொம்பக் கம்மி. ரத்தம் ஊறவும் அது வேணும், நரம்புக்கும் வேணும். அது இல்லாம இரும்பு எவ்வளவு கொடுத்தாலும் வேலைக்கு ஆகாது. ஜிங்க் நல்லதுதான், ஆனா இப்படி அள்ளி அள்ளிப் போட்டா, குடல்ல அது தாமிரத்தை உள்ளே விடாது."

"லோக்கல் ட்ரெயின்ல வாசப்படில நிக்கானே, அவன மாதிரியா?" என்றாள் ஹபீபா. "அவனும் உள்ள போமாட்டான், ஏறுதவனையும் விடமாட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "அவனே தான். முதல்ல அவனை இறக்கணும். இன்னையிலிருந்து ஜிங்க் பந்த். நான் காப்பர் எழுதறேன், என்ன அளவோ அந்த அளவுதான். அதுவும் ஜாஸ்தியானா கெடுதல்."

"காலு?" என்றாள் சங்கரேஸ்வரி.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "ரத்தம் சீக்கிரம் ஏறிடும். கால் இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது திரும்பி வருமான்னு... கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நான் நடந்தாத்தான் டாக்டர் எனக்குப் பொழப்பு."

"தெரியுதும்மா."

தெரியுது என்று சொல்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பெண் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினாள். சங்கரேஸ்வரிக்கு அவளைப் பிடித்துப்போனது.

காளிராஜுக்குப் பதிமூணாம் காம்பவுண்டில் வேலை. பழைய வயர்களின் தோலை உரித்து உள்ளிருக்கிற செம்பை எடுத்துப் பிரிப்பது. பம்பாய்ப் பேச்சில் தாம்பா. ராத்திரிச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டவன், கறுத்துப்போன தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விடிஞ்சா அடஞ்சா நான் உரிக்கது தாம்பா. எம்பொண்டாட்டி ஒடம்புல தாம்பா இல்லையாம். வெளிய சொன்னா காறித் துப்புவானுவ."

"துப்பட்டும். எழுதிக் குடுத்திருக்காவ. வாங்கணும்."

"செம்பு வெசம்லாட்டி? ஈயம் பூசாத செம்புப் பானையில புளிக்கொழம்பு வச்சா என்னாவும்? களிம்பு ஏறி வீடே வயித்தால போவும். அதப் போயி மாத்திரயா முழுங்கச் சொல்லுதா ஒரு சின்னப்புள்ள."

"களிம்பு வேற, இது வேற."

"வேணும்னா நல்ல சுத்தக் கம்பியா ஒரு காப்பு முறுக்கித் தாரேன். கையில கெடக்கட்டும். மேலோடவே எறங்கிரும்."

"ஏங்க, இட்லியக் கையில கட்டிக்கிட்டா பசியாறுமா?"

காளிராஜ் வாய்க்குள் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். ஆனால் அவன் அக்கா பிரபாவதி சிரிக்கிறவள் இல்லை. சந்தின் கடைசி வீட்டிலிருந்து செய்தி கேட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

"எவனாவது பில்லி சூனியம் வச்சான், காத்துக்கருப்பு அடிச்சுதுன்னா அழுதுக்கிட்டு கெடக்கலாம். இவளா வாங்கி, இவளா தின்னு, இவளா விழுந்து கெடக்கா. யாரக் குத்தம் சொல்ல?"

அது உள்ளே போய்த் தைத்தது. காலில் தைத்தது தெரியவில்லை, இது தெரிந்தது. தலைகுனிய வேண்டிய இடம் இதுதான் என்று சங்கரேஸ்வரிக்குப் புரிந்தது. குனிந்துவிட்டால் பேச்சு முடியும். பிரபாவதியும் நாலு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் தலை குனியவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடிப்பார்த்தாள். பயந்தவர்கள் கொடுத்ததைப் பயப்படாமல் தின்றாள். செத்துப்போகாமல் இருக்க ஆசைப்பட்டாள். வேறு என்ன?

"ஆமா மதினி. நாந்தான் தின்னேன். எனக்கு உசுரு வேணும்னு தின்னேன். அதுல என்ன வெக்கம்?"

பிரபாவதி வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பினாள். பிறகு, "சரி, வீராப்பு இருக்கட்டும். மூலைய என்ன செய்யப் போற?" என்றாள்.

பேசி முடிவானது இதுதான். சங்கரேஸ்வரி தேறும்வரை பிரபாவதியின் மருமகள் தங்கமயில் தேக்சாவைச் சுமந்துபோய் நிற்பாள். இட்லி சங்கரேஸ்வரி அவிப்பது, மூலை சங்கரேஸ்வரியுடையது. தங்கமயில் மாமியார் சொன்னால் தலையாட்டுகிற பெண். கிளம்பும்போது மட்டும், "சித்தி, வாட்ச்மேனுக்குச் சட்னி எவ்வளவு?" என்று கேட்டாள்.

மாத்திரை கிடைப்பது சுலபமாக இல்லை. தாராவி மெடிக்கல்களில் செம்பு என்றதும் சிரித்தார்கள். சயானில் ஒருவன் பாத்திரக் கடைக்கு வழி காட்டினான். குர்லாவுக்குக் காளிராஜ் போய் வெறுங்கையோடு வந்தான். கடைசியில் ஹபீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டுங்காவில் மகாதேவன் என்பவரின் மருந்துக் கடைக்கு வந்தாள். பூக்கடைகளுக்கு நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட கடை. நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"காப்பர் மட்டும் தனியாவா? அது யாரும் எழுத மாட்டாளே. ஸ்டாக் இல்லைம்மா. மல்டி மினரல் தரட்டுமா? இதுல எல்லாமே இருக்கு."

"எல்லாமேன்னா ஜிங்க்கும் இருக்குமா சார்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி டப்பாவைத் திருப்பினார். "இருக்கு."

"அப்ப வேண்டாம்."

"கொஞ்சம்தாம்மா இருக்கு. ஒண்ணும் பண்ணாது."

"எனக்குப் பண்ணியிருக்கு சார்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கூடவே அவள் பிடித்திருந்த தோளையும், கல்லாப் பலகையில் அழுந்தியிருந்த கையையும். "தாமிரச் சொம்புல ராத்திரி ஜலம் ரொப்பி வெச்சு, கார்த்தால குடிச்சுப் பாருங்கோளேன். எங்காத்துல எல்லாரும் அப்படித்தான் குடிக்கறோம்."

"ஒங்களுக்கு ஒடம்பு நல்லா இருக்கு, நீங்க குடிங்க சார். எனக்கு எழுதினது மாத்திர. சொம்புல எவ்வளவு எறங்குச்சுன்னு யாரு அளந்து சொல்லுவா?"

"விடாக்கண்டியா இருக்கேளே" என்றார் மகாதேவன். ஆனால் குரலில் எரிச்சல் இல்லை. போனை எடுத்து யார் யாருக்கோ பேசினார். அந்த வாரக் கடைசியில் மாத்திரை வந்தது. ரொம்பச் சின்னது. கையில் வாங்கிப் பார்த்தபோது சங்கரேஸ்வரிக்குக் கோபம்தான் வந்தது. இத்தனூண்டு சமாச்சாரம் இல்லாமலா என் காலை என்னிடமிருந்து பிடுங்கினார்கள்?

விளக்குப் பக்கத்தில் அதை வைக்கவில்லை. மஞ்சள் டப்பாவையும் எடுத்துக் கழுவி, கடுகு போட்டு வைத்தாள். செம்பு மாத்திரையைச் சட்னிக்கரண்டி தொங்குகிற ஆணியில் ஒரு பையில் போட்டு மாட்டினாள். காலையில் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். கும்பிட மாட்டாள். இனி எந்த மாத்திரையையும் கும்பிடப் போவதில்லை. ஜெபஸ்டினை நினைத்துக்கொள்ள ஜெபஸ்டினின் முகம் போதும்.

டாக்டர் சொன்னதுபோலவே நடந்தது. கண்ணின் உள்ளே சிவப்பு திரும்பியது. மாவுச் சட்டியைத் தூக்கினால் மூச்சு முட்டவில்லை. கன்னத்தில் மினுமினுப்பு வந்தது. கால் மட்டும் பஞ்சாகவே இருந்தது. பஞ்சு அதற்கு மேலே ஏறவில்லை, அவ்வளவுதான். கம்பை ஊன்றிக்கொண்டு சந்துமுனைவரை போய்வந்தாள்.

அந்த மினுமினுப்புதான் வினையாகிவிட்டது. ஒரு நாள் பிரபாவதி வந்து அவள் மோவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள்.

"பத்து வயசு கொறஞ்சிட்டாளே! ஏட்டி, அந்த மாத்திரயில எனக்கும் ரெண்டு குடு. முட்டு ரெண்டும் ராத்திரியெல்லாம் கடையுது."

பின்னால் வந்த பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்றார்கள். ஒருத்திக்கு முடி கொட்டுகிறது, ஒருத்திக்கு மகளின் அசதி.

"மாத்திர குடுக்க மாட்டேன் மதினி."

பிரபாவதிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "என்னது?"

"கருவேப்பில கேளுங்க, தாரேன். அரிசி கேளுங்க, அளந்து தாரேன். இது எனக்கு எழுதினது. ஒங்க முட்டுக்கு ஒங்களுக்கு ஒண்ணு எழுதுவாவ. வாங்க, பானுமதி டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டே ரெண்டு மாத்திர. அதுக்கு இம்புட்டுப் பேச்சா? அன்னைக்கு எங்க வீட்டு அட்டய நீ கூடையில வாங்கிட்டுப் போயித் திங்கலியா?"

"தின்னேன். தின்ன பொறவுதான் சொல்லுதேன், குடுக்க மாட்டேன்னு."

"எளப்பமாப் போச்சா நாங்கல்லாம் ஒனக்கு?"

"எளப்பமா இருந்தா அள்ளிக் குடுத்திருப்பேன்."

பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கேட்டதை இல்லையென்று சொன்ன வாசல் அந்தச் சந்தில் அதுவரை இருந்ததில்லை. பிரபாவதி எழுந்து சேலையை உதறினாள். "ஒரு மாத்திரய பங்கு வைக்காதவளுக்கு மூலைய மட்டும் நான் ஏன் காத்துக் குடுக்கணும்? நாளையிலேருந்து தங்கமயிலு எங்க வீட்டு இட்லிய வச்சிக்கிட்டு நிப்பா. நடக்க முடிஞ்சா வந்து கேட்டுக்க."

நடக்க முடிஞ்சா. அந்த வார்த்தையைச் சங்கரேஸ்வரி அன்று முழுக்க வாயில் போட்டு மென்றாள். இந்தச் சந்தில் சாகாமல் இருக்க வேண்டுமானால் எல்லோரோடும் ஒட்டியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். இரண்டு மாத்திரையைக் கொடுத்திருந்தால் என்ன, அதனால் யார் சாகப்போகிறார்கள் என்று ஒரு குரல் கேட்டது. அது பிரபாவதியின் குரலில்லை, அவளுடையதேதான். அந்தக் குரலுக்கும் அவள் இல்லை என்றே பதில் சொன்னாள். நடக்க முடியாதவள் போகவே முடியாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"ஏங்க, ஒங்க கோடவுன்ல கைவண்டி கெடக்குல்ல?"

"கெடக்கு."

"காலையில எடுத்துட்டு வாங்க."

"என்னத்த ஏத்த?"

"என்னய."

காளிராஜ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா என்ன சொல்லுவா?"

"ஒங்க அக்கா என்ன சொன்னான்னு கேட்டிய. என்ன சொல்லுவான்னும் கேட்டுக்கிடுங்க. வண்டி வருமா, வராதா?"

அவன் எண்ணெய்ப் புட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தான். பிறகு, "வீல்ல ஒண்ணு கீச்சுக் கீச்சுன்னு கத்தும். எண்ண போடணும்" என்றான்.

விடிகிற நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. வயர்ச் சுருள் ஏற்றுகிற வண்டியில் சாக்கு விரித்து, நடுவில் தேக்சா, பக்கத்தில் சாம்பார் கேன், சட்னி வாளி, அவற்றின் அருகில் காலை நீட்டி சங்கரேஸ்வரி. கம்பு மடியில் கிடந்தது. தலைக்கு மேலே பிளாஸ்டிக் தாள். ஹபீபா கிரைண்டர் அறை வாசலில் நின்று கைதட்டினாள்.

"ஏ, தேரு கெளம்பிட்டுடீ! எல்லாரும் வடம் பிடிக்க வாங்க!"

சந்து சிரித்தது. கதவுகள் திறந்தன. மாத்திரை கேட்ட பெண்ணும் எட்டிப் பார்த்தாள். சங்கரேஸ்வரிக்குக் கூச்சம் கழுத்துவரை ஏறியது. உடம்பைக் குறுக்கிக்கொள்ளத் தோன்றியது. அந்தக் கணத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

சயானில் வண்டிகளுக்கு நடுவே காளிராஜ் மூச்சு வாங்கத் தள்ளினான். டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். அவள் அவனை அவன் பாஷையிலேயே திட்டினாள். தான் விழுந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வோம் என்று நினைத்திருந்தாள். மூடவில்லை. வெறும் ரோடு.

சுனாபட்டி மூலையில் தங்கமயில் தேக்சாவோடு நின்றாள். மாமியாரும் கூடவே வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏலே காளி! பொண்டாட்டிய வண்டியில ஏத்தித் தள்ளிக்கிட்டு வாரியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

காளிராஜ் நெற்றி வேர்வையை வழித்து உதறினான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், வண்டியின் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னான். "அடுத்தவன் தாம்பாவ ஏத்தித் தள்ளுனா வெக்கமில்ல. எம்பொண்டாட்டிய ஏத்துனா வெக்கமாக்கா?"

அவன் அக்காவை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அவனே கேட்டதில்லைபோல், சட்டென்று குனிந்து சாம்பார் கேனைத் தூக்கினான்.

சங்கரேஸ்வரி கம்பை ஊன்றி இறங்கினாள். நின்று பார்த்தாள். நிற்க நிற்கத் தரை நழுவியது. சாக்கைச் சுவரோரம் விரித்து உட்கார்ந்தாள். இட்லிக்காரிகள் உட்கார்ந்து விற்பதில்லை. நின்றால்தான் ஓடுகிறவன் கண்ணில் படுவாய், போலீஸ் வண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவாய். அவள் ஓடப்போவதில்லை.

"சித்தி, நான் கேக்கல. அத்ததான்..." என்று தங்கமயில் தன் தேக்சாவைத் தூக்கப் போனாள்.

"வை. நீயும் நில்லு. சட்டி ரெண்டு இருந்தா என்ன? ருசி தெரிஞ்சவன் வாங்கட்டும்."

"ஆமா, இவ ரோட்டுல கெடந்து வித்துருவா" என்றாள் பிரபாவதி.

முதல் ரயிலின் கூட்டம் இறங்கியது. குடைகள், டப்பாப் பைகள், நனைந்த செருப்புகள். கீழே உட்கார்ந்து பார்க்கும்போது மனிதர்கள் எல்லாம் கால்களாகவே வந்தார்கள். யாரும் குனியவில்லை. தங்கமயிலிடம் இரண்டு பேர் வாங்கினார்கள். சங்கரேஸ்வரி துணியை விலக்கி ஆவியைப் பறக்கவிட்டாள். தண்ணீர் சொட்டும் பெரிய கறுப்புக் குடை ஒன்று அவள் முன்னால் ஒரு கணம் தயங்கியது. நீட்டிய கால்களையும் கம்பையும் பார்த்தது. அவள் மடியில் ஒரு நாணயம் வந்து விழுந்தது. குடை நகர்ந்தது.

காளிராஜின் முகம் செத்துப்போனது. பிரபாவதிகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கரேஸ்வரி நாணயத்தை எடுத்துப் பார்த்தாள். காதுமடல் கொதித்தது. பிறகு தொண்டையைத் திறந்தாள்.

"ஓ சத்ரிவாலே! ஏ பாயீ! ருக்கோ!"

ஸ்டேஷன் வாசலே திரும்பியது. குடைக்காரரும் திரும்பினார். வயசான மனிதர், வழியில் போகிற புண்ணியத்தைச் செய்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறவர்.

"பைசா தியா, இட்லி கோன் லேகா? துமாரா பாப்?"

காசு கொடுத்துவிட்டு இட்லி வாங்காமல் போனால் யார் வாங்குவது, உன் அப்பனா என்று ஒரு பெண் தரையிலிருந்து கேட்டதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு இட்லியை எடுத்துக் காகிதத்தில் வைத்து, மேலே சட்னி ஊற்றி, கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் திரும்பி வரும்வரை நிற்கும் என்பதுபோல் நின்றது. கூட்டம் வழிவிட்டது. அவர் வந்தார். குடையை மடக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவள் உயரத்துக்குக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"காவோ. அச்சா ஹை" என்றாள் சங்கரேஸ்வரி. நாளைக்கும் வா, நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன் என்பதையும் அவர் பாஷையிலேயே சொன்னாள். "கல் பீ ஆனா. மே இதரிச் பைட்தீ."